தெரியாது சார் காட்டிய சிவப்புக் குள்ளன்

நெய்வேலி டவுன்ஷிப்பில் என் மானத்தை அதிகத் தடவை வாங்கிய மனிதர் யார் என்று கேட்டால் நான் யோசிக்கவே மாட்டேன். தெரியாது சார்தான். என் பெண்டாட்டி பிள்ளைகள்கூட அந்தப் போட்டியில் அவருக்கு அடுத்தபடிதான். சாயங்காலம் அவரோடு நடக்கப் போனால் அவர் வானத்தைப் பார்த்துக்கொண்டு வருவார், நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டு வருவேன். தெரிந்தவர்கள் எதிரே வந்தால் செருப்பில் ஏதோ ஒட்டிக்கொண்ட மாதிரி குனிந்துவிடுவேன். அந்த வருஷங்களில் நான் குனிந்த குனிவுக்கு யோகா வாத்தியார்கூட என்னிடம் பாடம் கேட்டிருக்கலாம்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் இருந்தது. குவார்ட்டர்ஸ் கேட்டில் பெயிண்டால் எழுதியிருந்தார்கள். ஒரு மழையில் பாதி அழிந்தது, அடுத்த மழையில் மீதி அழிந்தது, திரும்ப எழுத வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. பால்காரரிலிருந்து கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர் வரை எல்லோருக்கும் அது 'தெரியாது சார் வூடு'. மனிதர் திருவதிகைப் பக்கம், மைன்ஸில் கன்வேயர் பெல்ட் செக்ஷனில் போர்மேன். நல்ல உயரம். பஸ்ஸில் ஏறினால் கூரை இடிக்காமல் தலையைச் சாய்த்துக்கொண்டு நிற்பார். பெல்ட் ஓடுகிற இரைச்சலில் பேசிப் பேசி, 'சாப்பிட்டீங்களா?' என்று கேட்டாலே பக்கத்து பிளாக்கில் பதில் சொல்வார்கள். அந்தக் குரல் ஒரு தடவை அவர் மகள் கல்யாணத்தையே நிறுத்தப் பார்த்தது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

பெயர் வந்த கதையை முதலில் முடித்துவிடுகிறேன். ஒரு ஐப்பசி மாதச் சாயங்காலம், மெயின் பஜாரில் காய்கறிப் பையோடு நின்று, கிழக்கே தண்ணீர்த் தொட்டிக்கு மேலே விரலை நீட்டி எனக்கு எதையோ காட்டினார். நடுரோட்டில் ஒருவர் வானத்தைக் காட்டினால் நம் ஊரில் என்ன ஆகும்? ஸ்கூட்டரை நிறுத்தி ஒருவர், டீ கிளாஸைக் கையில் பிடித்தபடி ஒருவர், கறிவேப்பிலை பேரத்தைப் பாதியில் விட்டுவிட்டு ஒரு அம்மாள் என்று கூட்டம் கூடிவிட்டது.

"என்னா சார், பிளேனா?"

"இல்லீங்க. செவப்புக் குள்ளன். நட்சத்திரங்க. அதைச் சுத்தி ஏழு கிரகம் சுத்திகினு இருக்குது."

"எங்க?"

"தோ, தொட்டிக்கு மேல. எங் கைக்கு நேரா பாருங்க."

எல்லோரும் பார்த்தார்கள். மைன்ஸ் விளக்குகளின் வெளிச்சத்தில் எங்கள் ஊர் வானம் எப்போதும் விபூதி பூசின மாதிரிதான் இருக்கும். நிலாவே சில நாட்களில் சிபாரிசு பிடித்துத்தான் உள்ளே வர வேண்டும்.

"ஒண்ணும் தெரியலையே சார்?"

"தெரியாதுங்க," என்றார் அவர், சந்தோஷமாக.

"பைனாகுலர்ல பாத்தா?"

"தெரியாது. சும்மா வூட்ல வெச்சிக்கிற டெலஸ்கோப்லகூடத் தெரியாது."

"அப்புறம் எதுக்கு சார் காட்டுனீங்க?"

"இருக்குதுல்ல!"

கேழ்வரகில் நெய் வடிகிறது என்று சொன்னால் கேட்கிறவனுக்கு மதி எங்கே போயிற்று என்பார்கள். தங்கள் மதியைத் தேடிக்கொண்டே கூட்டம் அவரை ஒருமுறை பார்த்தது. பிறகு பக்கத்தில் நிற்கிற என்னைப் பார்த்தது. அந்த இடத்திலேயே சுரங்கம் வெட்டி இறங்கிவிடலாம் போலிருந்தது. நெய்வேலியில் அது ஒன்றும் பெரிய காரியமில்லை.

அடுத்த வாரம் அவர் வீட்டுக் கொல்லையில் இருந்த பலாமரத்தில் மூன்று இன்ச் பி.வி.சி. பைப் ஒன்றைக் கட்டினார். அவர் கண் உயரத்துக்கு, கிழக்கே சாய்ந்து நின்றது. நான் ஒரு முனையில் கண் வைத்துப் பார்த்தேன், மறுமுனையில் கை விட்டுப் பார்த்தேன். நடுவில் தடங்கலே இல்லை.

"சார், லென்ஸ் எங்க?"

"லென்ஸ் போட்டாலும் தெரியாது தம்பி. அப்புறம் எதுக்குத் தண்டச் செலவு?"

"அப்ப பைப் எதுக்கு?"

"சும்மா வானத்தைப் பாத்தா கண்ணு அலைஞ்சிகினு இருக்கும். பைப்ல பாத்தா அந்த எடத்தை மட்டும் பாக்கலாம்."

அவர் மனைவியை நாங்கள் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அக்கா திரும்பிப் பார்க்காமலே சொன்னார். "அந்தப் பைப்ல தண்ணி வந்தாலும் எதுக்காச்சும் ஆவும் தம்பி. நட்சத்திரம் வருதாம்."

செல்போனில் பார்த்துப் பார்த்து அந்த நட்சத்திரத்தைப் பற்றி ஒரு வண்டி செய்தி சேர்த்து வைத்திருந்தார். சேர்த்ததைத் தனக்குள் வைத்துக்கொள்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது. மைன்ஸ் பஸ் நிற்கிற டீக்கடையில் ஒருநாள் ஆரம்பித்தார். அந்த ஏழு கிரகங்களும் குள்ளனுக்கு ரொம்பக் கிட்டத்தில் சுற்றுவதால் சுழன்று முகம் மாற்றுவதே இல்லையாம். ஒரு பக்கம் எப்போதும் பகல், மறுபக்கம் எப்போதும் ராத்திரி.

"அதாவது, அந்தாண்ட பக்கம் பொறந்தவனுக்கு ஆயுசு பூரா நைட் ஷிப்ட். ஷிப்ட் மாத்தவே மாட்டாங்க," என்றார்.

டீக்கடையில் இருந்த தொழிற்சங்கக்காரர் கிளாஸை டக்கென்று கீழே வைத்தார். "அதெப்படி சார்? அங்க யூனியன் என்னா பண்ணுது?"

"ஆனா இன்னொண்ணு இருக்குதுங்க. ரொம்பக் கிட்ட இருக்கிற கிரகத்துல ஒரு வருசம்னா நம்ம கணக்குல ஒண்ணரை நாள்தான். அறுபது வயசுல ரிட்டயர்மெண்ட்னா, கொழந்தை குப்புற விழறதுக்குள்ள ஆர்டர் வந்துடும்."

"அப்ப பி.எஃப்.?" என்று அவர் கேட்க, பஸ் வந்து நின்று, ஏறாமல் ஆட்கள் விவாதித்து, டிரைவர் ஹாரன் அடித்து, அன்றைக்கு ஜெனரல் ஷிப்டே தாமதமானது என்று பேச்சு. பஸ்ஸில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் என்ன செய்தேன்? அவர் பக்கத்துக் குவார்ட்டர்ஸில் குடியிருந்தேன், அவ்வளவுதான்.

இதைவிட மோசம் எங்கள் பிளாக் பிள்ளையார் கோயிலில் நடந்தது. நட்சத்திரம் எந்த ராசிப் பக்கம் இருக்கிறது என்று யாரோ கேட்டதற்கு, "கும்ப ராசிப் பக்கங்க," என்று பளிச்சென்று சொல்லிவிட்டார். பின்னால் விளக்கு போட்டுக்கொண்டிருந்த ஒரு அம்மாள், "எனக்குக் கும்ப ராசிதானே சார், ஏற்கெனவே ஏழரை நடக்குது, அதையே தாங்க முடியலை, இதுல புதுசா ஏழா?" என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டார். ஏழரையும் ஏழும் பதினாலரை என்று யாரோ கூட்டியும் சொல்லிவிட்டார்கள். அந்த அம்மாளுக்குச் சோடா வாங்கிக் கொடுத்து வீடு வரை கொண்டுபோய் விட்டது நான்தான். பரிகாரம் என்ன என்று வழி நெடுகக் கேட்டுக்கொண்டே வந்தார்.

ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டேன். "வானத்துல பளபளன்னு எத்தனையோ நட்சத்திரம் இருக்கு சார். கண்ணுக்கே தெரியாத இதை ஏன் புடிச்சிக்கிட்டீங்க?"

முதல் தடவையாகக் குரலைத் தணித்துப் பேசினார். "நம்ம கரி மாதிரி தம்பி அது. கறுப்பு நிலக்கரி இருக்குதுல்ல, தகதகன்னு எரியும், சட்டுனு தீந்துடும். நம்மளுது பழுப்பு. சூடு கம்மி, கேலி பண்ணுவானுங்க. பெரிய நட்சத்திரம்லாம் ஆடம்பரமா எரிஞ்சி சீக்கிரம் செத்துடும். இவன் சிக்கனக்காரன். கொஞ்சமா எரிப்பான், கோடானுகோடி வருசம் எரிப்பான். எல்லாம் அணைஞ்ச பெறவும் கடைசில இவன்தான் இருப்பான்." அப்போது எனக்கு வெட்கமாக இல்லை. அக்கம்பக்கத்தில் யாரும் இல்லாததால் இருக்கலாம்.

இப்போது கல்யாணத்துக்கு வருகிறேன். அவருக்கு ஒரே மகள் திவ்யா. கடலூரில் ஒரு மருந்துக்கடையில் பார்மசிஸ்ட். அங்கேயே கூட வேலை பார்த்த வடலூர்ப் பையன் ஒருவனைப் பிடித்துப்போய், இரண்டு வருஷம் யோசித்து, பயந்து பயந்து வீட்டில் சொன்னாள். இரண்டு வீட்டிலும் ஒரு சத்தமும் இல்லாமல் சரி என்றார்கள். ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தட்டு மாற்றிக்கொள்வது என்று முடிவாயிற்று. அக்காவுக்குக் கூடப்பிறந்த ஆண்கள் கிடையாது. பல மாவட்டத்துக்காரர்கள் வந்து குடியேறின டவுன்ஷிப் இது. இங்கே பக்கத்துக் குவார்ட்டர்ஸ்காரன்தான் பல சமயம் சொந்தக்காரன். அதனால் தாய்மாமன் வேலை என் தலையில் விழுந்தது. வேட்டி கட்டி, பன்னீர்ச் சொம்போடு கேட்டில் நிற்க வேண்டியது.

பையனின் அப்பாவுக்கு, எங்கள் ஊருக்குக் கிழக்கே இருக்கிற வடலூரில் பாத்திரக்கடை. ஆள் நல்ல சிவப்பு, எலுமிச்சை நிறம் என்பார்களே அது. உயரம் விஷயத்தில் மட்டும் கடவுள் கையை இறுக்கிவிட்டார். கல்லாவுக்குப் பின்னால் ஒரு பலகை போட்டு அதன்மேல் நின்றுதான் வியாபாரம் செய்வார். அதே வீதியில் இன்னொரு பாத்திரக்கடையும் இருப்பதால், அடையாளத்துக்காக இவர் கடையை ஊரார் என்ன சொல்வார்கள் தெரியுமா? செவப்புக் குள்ளன் கடை. முகத்துக்கு நேரே யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் அவருக்குத் தெரியும். இது அன்றைக்கு எங்கள் யாருக்கும் தெரியாது. உங்களுக்கு இப்போதே சொல்லி வைக்கிறேன், நான் பட்ட பாடு புரிய வேண்டுமே.

ஒற்றைப்படையாக வர வேண்டும் என்று அவரோடு சேர்த்து ஏழு பேராகத்தான் கிளம்பினார்கள். வந்து இறங்கினதும் நான் ஒரு மரியாதைக்கு வேன் டிரைவரையும், "நீங்களும் உள்ள வாங்க," என்று கூப்பிட்டுத் தொலைத்தேன். ஆக, அவரைச் சுற்றி ஏழு பேர்.

சரியாக அந்த நேரம் பார்த்துக் கொல்லையில் சமையல்காரர் கேட்டார். "சார், இந்தப் பைப் எங்க போவுது? அடுப்புக்குக் குறுக்க நிக்குது."

"அதுவா? செவப்புக் குள்ளனைப் பாக்கறதுக்கு வெச்சிருக்கேன்!" கன்வேயர் பெல்ட் குரல், வீட்டைத் தாண்டி, கேட்டைத் தாண்டி வந்தது.

கேட்டுக்குள் வைத்த காலைச் சம்பந்தி அப்படியே நிறுத்தினார். நான் பன்னீர் தெளித்தேன்.

"யாரு சார் அது?" என்றார் கொல்லையில் சமையல்காரர்.

"இருக்கான் ஒருத்தன். இந்த நேரத்துக்கு வடலூர் பக்கமா இருப்பான். ஆளு ரொம்பச் சின்னவன். ஆனா அவனைச் சுத்தி ஏழு பேரு! விடாம சுத்திகினே இருப்பானுங்க!"

கூட வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு பெரியம்மா விரல் விட்டு எண்ணினார். நான் இன்னும் கொஞ்சம் பன்னீர் தெளித்தேன்.

"ஏழு பேருமே ஒரு பக்கத்தைத்தான் அவனுக்குக் காட்டுவானுங்க. மறுபக்கம் ஒரே இருட்டு!"

சம்பந்தி மெல்லத் திரும்பித் தன் தம்பியைப் பார்த்தார். அந்தக் குடும்பத்தில் ஏதோ பழைய பாகப்பிரிவினை விஷயம் இருந்திருக்க வேண்டும், தம்பி சட்டென்று வேறு பக்கம் பார்த்தார். நான் சொம்பைக் கவிழ்த்தே தெளித்தேன்.

"மங்கலா, சாதுவா இருக்கானேன்னு கிட்டப் போயிடக் கூடாது. பொசுக்குனு வெடிப்பான். பக்கத்துல இருக்கிறவனுக்குத் தோலு உரிஞ்சிடும்!"

வேன் டிரைவர் ஒருவர்தான் சிரித்தார். பன்னீர் தீர்ந்துவிட்டது. சம்பந்தியின் சட்டை தோளிலிருந்து இடுப்பு வரை நனைந்திருந்தது. முகம் மட்டும் கொதித்தது.

"யாரைங்க சொல்றாரு அவரு?" என்று என்னைக் கேட்டார்.

"நட்சத்திரத்தைங்க."

"எந்த நட்சத்திரம்? எங்க இருக்குது?"

என் நாக்கில் சனி குடியேறியிருந்தது. "தெரியாதுங்க," என்றேன்.

நுணலும் தன் வாயால் கெடும். அன்றைக்கு இரண்டு நுணல்கள். சம்பந்தி நேரே கொல்லைக்குப் போனார். பின்னாலேயே ஏழு பேரும் போனார்கள். தெரியாது சார் முகமெல்லாம் பல்லாக, "வாங்க, வாங்க!" என்று கும்பிட்டார். ஏதோ கோபம் என்பதுகூட அவருக்கு உறைக்கவில்லை. நட்சத்திரம் பார்க்க ஒரு சம்பந்தி கிடைத்தார் என்று பூரித்துவிட்டார். பைப் இவர் கண் உயரத்துக்குக் கட்டியிருந்தது. சம்பந்தி எக்கிப் பார்த்தார், எட்டவில்லை. அப்போது தெரியாது சார் செய்த காரியத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் காது சுடுகிறது. ஓடிப்போய் ஒரு முக்காலியைக் கொண்டுவந்து எல்லோர் முன்னாலும் அவர் காலடியில் போட்டு, "ஏறி நின்னு பாருங்க," என்றார்.

சம்பந்தி ஏறவில்லை. பைப்பின் முனையில் கை வைத்தார், உள்ளே கண்ணாடி இல்லை என்று கண்டுகொண்டார். "இதுல என்னா தெரியும்?" என்றார்.

"தெரியாதுங்க!" என்றார் எங்கள் ஆள், அதே சந்தோஷத்தோடு.

"எங்க ஊர்ல முதுகுக்குப் பின்னாடிதான் சொல்லுவாங்க," என்றார் சம்பந்தி. குரல் உயரவே இல்லை. "நீங்க வூட்டுக்குக் கூப்ட்டு, வாசல்ல நிக்க வெச்சி சொல்லிட்டீங்க." கொண்டுவந்த தட்டுகளைத் திரும்ப வேனில் ஏற்றினார்கள். நடுக்கூடத்தில் பட்டுப்புடவையோடு நின்ற திவ்யா வேன் போவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அப்பாவை ஒரு வார்த்தை திட்டவில்லை. "பரவால்லப்பா," என்றாள். திட்டியிருந்தால் அவர் பிழைத்திருப்பார்.

முப்பது பேருக்குச் செய்த பாயசத்தை என்ன செய்வது? தூக்குவாளியில் ஊற்றி வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தவனும் நான்தான். ஒவ்வொரு வாசலிலும், "தட்டு மாத்தியாச்சா?" என்று கேட்டார்கள். ஏழரை அம்மாள் மட்டும் கேட்கவில்லை. "நான் அப்பவே சொன்னேன், ஏழுன்னாலே ஆவாது," என்று சொல்லி இரண்டு கரண்டி வாங்கிக்கொண்டார்.

மறுநாள் பைப் மரத்தில் இல்லை. தெரியாது சார் பேசுவதை நிறுத்திவிட்டார். சாயங்காலம் நடக்கப் போனால் இப்போது நாங்கள் இரண்டு பேருமே ரோட்டைப் பார்த்துக்கொண்டு நடந்தோம். பஜாரில் யாராவது, "என்னா சார், குள்ளன் எப்படி இருக்கான்?" என்று கேட்டால், அடிபட்ட மாதிரி நின்றுவிடுவார். பையன் அங்கே அப்பாவோடு தினமும் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். அப்பா சம்மதம் இல்லாமல் வேண்டாம் என்று திவ்யாவே அவனைத் தடுத்துவிட்டாள். தெரியாது சார் வடலூர் பஜாரில் தனியாகப் போய் விசாரித்துவிட்டு வந்து என்னிடம் சொன்னார்.

"அந்த வார்த்தையை எம்மாம் ஆசையா சொல்லிகினு இருந்தேன் தம்பி. அதையே அந்த மனுசன் பள்ளிக்கூடத்துலேர்ந்து வசவா கேட்டுகினு இருந்திருக்காரு. அது எனக்குத் தெரியலையே. கண்ணுக்குத் தெரியாததைப் பத்தியெல்லாம் நாலு ஊருக்குச் சொன்னேன், பக்கத்து ஊர்ல இருக்கிற மனுசனோட வலி தெரியலை." தன் உயரத்துக்கே வெட்கப்பட்டவர்போல் முதுகைக் கூன வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மன்னிப்புக் கேட்க வடலூர் போனபோது என்னையும் இழுத்துக்கொண்டு போனார். குனிந்த தலை நிமிராமல் கடைக்குள் நுழைந்தோம். சம்பந்தி பலகைமேல் நின்றிருந்தார். தெரியாது சார் சுற்றும்முற்றும் பார்த்து, ஓரமாகக் கவிழ்த்து வைத்திருந்த ஒரு பித்தளை அண்டாவின்மேல் போய் உட்கார்ந்தார். நின்றால் உயரம் தெரியுமாம். அது விற்பனைக்கு வைத்த அண்டா. டங்கென்று சத்தம் போட்டது. கடைப் பையன்கள் எல்லோரும் திரும்பினார்கள்.

"நான் சொன்னது உங்களை இல்லீங்க. அந்த நட்சத்திரத்துக்கு அதான் பேரு. செவப்பு..." என்று நிறுத்தினார். அந்த வார்த்தையை இனி வாயால் சொல்வதில்லை என்று சத்தியம் செய்திருந்தார். "செவப்பு... உயரம் கம்மியான..." கடைப் பையன் ஒருவன் இருமினான். "அதாவதுங்க, கொஞ்சம் கட்டையான... அளவு பத்தாத..." இன்னொருவன் அடுக்கி வைத்திருந்த டம்ளர்களுக்குப் பின்னால் மறைந்தான். வேட்டி நுனியால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "அந்தச் செவப்பு சாருங்க!" என்று முடித்தார்.

டம்ளர்கள் சரிந்தன. நான் ஒரு குத்துவிளக்கின் விலைச்சீட்டைப் படிக்க ஆரம்பித்தேன். வாழ்க்கையில் எந்தச் சீட்டையும் அவ்வளவு கவனமாகப் படித்ததில்லை.

சம்பந்தி பையன்களை வெளியே அனுப்பினார். பலகையிலிருந்து இறங்கி வந்து எதிரே நின்றார். இவர் உட்கார்ந்திருந்ததால் இருவர் கண்ணும் ஒரே மட்டத்தில் இருந்தன. "சொன்னதுகூடப் பரவால்லீங்க," என்றார். "அந்த முக்காலி. என் புள்ளை எதுர்ல முக்காலி போட்டீங்க பாருங்க. எட்டாதுன்னு எனக்குத் தெரியாதாங்க?"

தெரியாது சார் அழுதுவிட்டார். கன்வேயர் பெல்ட் குரலுக்கு அழுகை மட்டும் சத்தமே இல்லாமல் வந்தது. "எனக்கு அவமானமா இருக்குதுங்க. எம் பொண்ணை அதுக்குத் தண்டிச்சிடாதீங்க. அவனை நான் கேலிக்குச் சொல்லலீங்க. பெருசுங்கள்லாம் எரிஞ்சி தீந்த பெறவும் அணையாம இருக்கப்போறவன் அவன். அதனாலதான் எனக்கு அவன்மேல ஆசை. வேற ஒண்ணும் இல்லீங்க."

"அணையவே அணையாதா?"

"நமக்கெல்லாம் கணக்கு எட்டாத காலத்துக்கு அணையாதுங்க."

"ஆனா கண்ணுக்குத் தெரியாது."

"தெரியாது."

"சுத்தி ஏழு."

"ஏழுங்க."

சம்பந்தி வாசல் பக்கம் திரும்பினார். பிறகு சொன்னார். "எங்க ஊரு சபையில ஜோதிக்கு முன்னாடி ஏழு திரை தொங்குது. தைப்பூசத்தன்னிக்கு ஏழும் விலகினாத்தான் முழுசாத் தெரியும். மத்த நாள்ல போறவன் வர்றவன்லாம் வெறும் திரையைக் கும்புட்டுட்டுப் போறான். தெரியலையேன்னு எவனும் சண்டைக்கு வர்றதில்ல. நான்தான் வந்துட்டேன்."

அண்டாவின்மேல் உட்கார்ந்திருந்தவர் பேச வாயெடுத்தார். சம்பந்தி கையைக் காட்டி நிறுத்தினார். "கார்த்திகையில நாள் பாருங்க. தட்டு கொண்டாரேன். ஒண்ணே ஒண்ணு. அந்தப் பைப்பை என் உயரத்துக்குக் கட்டி வெய்யுங்க. நீங்க குனிஞ்சி பாத்துக்குங்க."

அப்படியே கட்டினோம். நான்தான் சம்பந்தியின் கண் மட்டத்தைக் கையால் காட்டி அளவு சொன்னேன். கார்த்திகை முகூர்த்தத்தன்று வேன் வந்தது, இந்தத் தடவை டிரைவரையும் முதலிலேயே கணக்கில் சேர்த்து ஒன்பது பேர். பன்னீரை நான் அளவாகத் தெளித்தேன். தட்டு மாறியதும் சம்பந்தி யாரும் கூப்பிடாமலே கொல்லைக்குப் போய், எக்காமல், எதன்மேலும் ஏறாமல், பைப்பில் கண்ணை வைத்து நின்றார். ரொம்ப நேரம் நின்றார்.

"தெரியுதாண்ணே?" என்று அவர் தம்பி கேட்டார்.

"தெரியாதுடா," என்றார் சம்பந்தி, எவர்சில்வருக்கு உத்தரவாதம் சொல்கிற குரலில். "ஆனா இருக்குது."

அப்புறம் ஒவ்வொருவராகப் பார்த்தார்கள். உயரமானவர்கள் எல்லோரும் முதுகை வளைத்துப் பார்த்தார்கள். தெரியாது சார் கிட்டத்தட்ட மண்டியிட்டார். அந்த நட்சத்திரத்துக்கு வேறு நல்ல பெயராக வைத்துவிடுவதாக அவர் சொன்னபோது சம்பந்தி ஒத்துக்கொள்ளவில்லை. "பேரை மாத்தாதீங்க. மேல ஒருத்தன் அதே பேரோட இருக்கான்னா எனக்கும் ஒரு தொணைதானே," என்றார். திவ்யா சிரித்தாள். பல வாரத்துக்குப் பிறகு அந்த வீட்டில் கேட்ட சிரிப்பு.

நான் அன்றைக்குத்தான் வெட்கப்படாமல் அந்தப் பைப்பில் பார்த்தேன். வட்டமாகக் கொஞ்சம் சாம்பல் வானம் தெரிந்தது, வேறொன்றும் இல்லை. ஆனாலும் கண்ணை எடுக்க மனம் வரவில்லை. பின்னால் நின்ற வேன் டிரைவர், "சார், சீக்கிரம், க்யூ நிக்குது," என்றார்.

தெரியாது சார் ரிட்டயர் ஆகி, குவார்ட்டர்ஸைக் காலி செய்து, வடலூரில் பாத்திரக்கடைக்குப் பின் தெருவில் வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டார். சாயங்காலங்களில் சம்பந்திகள் இரண்டு பேரும் சேர்ந்து நடக்கப் போகிறார்களாம். நெட்டையும் குட்டையுமாக நடுவீதியில் நின்று வானத்தைக் காட்ட, பஸ்கூட நின்று பார்த்துவிட்டுப் போகிறதாம். அங்கே அவர்களுக்காகக் குனிகிறவர் யாரோ, பாவம்.

போன ஐப்பசியில் ஒருநாள் காய்கறிப் பையோடு பஜாரிலிருந்து வந்துகொண்டிருந்தேன். தண்ணீர்த் தொட்டி தெரிகிற இடத்துக்கு வந்ததும் கால் தானாக நின்றுவிட்டது. கிழக்கே நிமிர்ந்து பார்த்தேன். விரலும் நீண்டிருக்க வேண்டும். ஏனென்றால் பக்கத்துக் குவார்ட்டர்ஸுக்குப் புதிதாக வந்தவர் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டார். அவர் பின்னால் இன்னும் இரண்டு பேர் நின்றார்கள்.

"என்ன சார் அங்க?"

"வடலூர்," என்றேன்.

"இங்கேயிருந்து வடலூர் தெரியுமா?"

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் குனியவில்லை.

"தெரியாதுங்க," என்றேன். "ஆனா இருக்காரு."